மெடிக்கல் ஷாப் பேப்பரும் மருத்துவமனை வெப்சைட்டும்

மெடிக்கல் ஷாப்பில் நாப்கின் வாங்கினால், கேட்காமலேயே பழைய பேப்பரில் சுற்றிக் கறுப்புக் கவரில் போட்டுத் தருவார்கள். நாப்கினை எதற்கு மறைக்க வேண்டும் என்பது வேறு விவாதம், அதை இப்போது விட்டுவிடுவோம். எனக்குப் பிடித்தது அந்தக் கடைக்காரரின் பழக்கம். வாங்கியது என்ன என்பது வாங்கியவருக்கும் தனக்கும் தெரிந்தால் போதும், பஸ் ஸ்டாப்பில் நிற்பவருக்குத் தெரிய வேண்டியதில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. எந்தச் சட்டத்தையும் படித்து அவர் இதைச் செய்யவில்லை.

அதே தெருவில் இருக்கும் கிளினிக்கின் இணையதளத்துக்கு அந்தப் பழக்கம் இருக்காது. சிறிய ஊர்களில் கிளினிக்குகளுக்கும் லேப்களுக்கும் இணையதளம் செய்து தருவது என் வேலை. தொடங்கிய காலத்தில் நானும் பேப்பர் சுற்றாமல் கொடுத்தவன்தான். இந்தத் துறைக்குப் புதிதாக வரும் டிசைனர்களும், தங்களுக்கென்று தளம் தொடங்க நினைக்கும் டாக்டர்களும் இந்தியச் சட்டத்தில் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது வக்கீல் ஆலோசனை இல்லை. வக்கீலிடம் போகும்போது என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள உதவும், அவ்வளவுதான்.

ஒரு படிவத்திலிருந்து ஆரம்பிக்கலாம். குழந்தையின்மைச் சிகிச்சை தரும் ஒரு கிளினிக் அப்பாயின்ட்மென்ட் படிவம் கேட்டது. ஒரு வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள்: பெயர், வயது, கணவர் பெயர், மொபைல், இன்னொரு மொபைல், இமெயில், வீட்டு முகவரி, ஆதார் எண், தொழில், திருமணமாகி எத்தனை ஆண்டு, இதற்குமுன் கருக்கலைப்பு ஆனதுண்டா, இதுவரை எடுத்த சிகிச்சை, பழைய ரிப்போர்ட் இருந்தால் போட்டோ, வர விரும்பும் தேதி. மொத்தம் 14 கட்டம்.

"ஆதார் எதுக்கு மேடம்?" என்று கேட்டேன். "எல்லா இடத்திலயும் கேக்குறாங்களே" என்றார் நிர்வாகி. கருக்கலைப்பு விவரம் எதற்கு என்றால், டாக்டர் எப்படியும் கேட்கத்தான் போகிறார், முன்கூட்டியே இருந்தால் நல்லதுதானே என்றார். சரி, இதையெல்லாம் நிரப்பி அனுப்பினால் எங்கே போய்ச் சேரும்? கிளினிக்கின் ஒரு ஜிமெயில் கணக்குக்கு. அது ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் நாள் முழுக்கத் திறந்தே கிடக்கும். பாஸ்வேர்டு, கிளினிக் பெயரும் 123ம். அந்தக் கணக்கு அங்கே வேலை பார்த்து நின்றுபோன இரண்டு பேரின் போனிலும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு பெண் தன் அம்மாவிடமே சொல்லியிருக்க மாட்டாத ஒரு விஷயம், நின்றுபோன ஊழியரின் போனில் நோட்டிஃபிகேஷனாக வந்து விழும். நான் பேசப்போகும் பிரச்சினை முழுக்க இதற்குள் இருக்கிறது.

இதில் சட்டம் எங்கே வருகிறது? 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. தனியார் கிளினிக்கை நேரடியாகக் கட்டிப்போடுவது அந்தத் தீர்ப்பு அல்ல. அதற்கு முன்பே தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் அதன்கீழ் 2011இல் வந்த விதிகளும் இருந்தன. உடல்நிலை, மனநிலை, மருத்துவப் பதிவுகள் எல்லாம் அந்த விதிகளில், கூடுதலாகக் காக்க வேண்டிய நுண்ணுணர்வுத் தகவல் என்ற வகையில் வரும். அவற்றை வாங்கும் நிறுவனம் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும், தனியுரிமைக் கொள்கையைத் தளத்தில் போட வேண்டும், குறை கேட்கும் அதிகாரியின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும், குறையை ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒப்புதலைக் கடிதத்திலோ ஃபேக்ஸிலோ இமெயிலிலோ பெறலாம் என்று அந்த விதி சொல்கிறது. ஃபேக்ஸ்! அது எந்தக் காலத்து விதி என்பது அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடும்.

அந்த இடத்துக்கு இப்போது வருவது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. எல்லாம் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை. ஒப்புதல், பாதுகாப்பு, தகவல் கசிந்தால் அறிவிப்பது போன்ற முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டால் 2027 மே வருகிறது. அதுவரை பழைய 2011 விதிகள்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இன்று செய்யும் தளம் நான்கைந்து ஆண்டு ஓடும். புதிய சட்டத்தை மனதில் வைத்தே செய்துவிட்டால் பாதியில் பிரித்துக் கட்ட வேண்டியிருக்காது.

புதிய சட்டத்தில் உடல்நலத் தகவலுக்கென்று தனி வகை கிடையாது. ஒருவரை அடையாளம் காட்டும் எந்தத் தகவலுக்கும் ஒரே விதிதான். அதனால் நோய் விவரமும் பீட்சா ஆர்டரும் ஒன்றாகிவிட்டதாக நினைக்க வேண்டாம். அபராதம் எவ்வளவு என்று முடிவு செய்யும்போது எந்த மாதிரித் தகவல் கசிந்தது என்பதையும் பார்ப்பார்கள். தகுந்த பாதுகாப்பு வைக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். கசிந்ததை அறிவிக்காமல் மறைத்தால் 200 கோடி வரை. இரண்டு அறை கிளினிக்குக்கு அவ்வளவு போட மாட்டார்கள் என்பது என் எண்ணம். எண்ணத்தை நம்பித் தளம் கட்ட முடியாது.

சட்டம் கேட்கும் ஒப்புதல் எப்படி இருக்க வேண்டும்? கட்டாயப்படுத்தாமல், எதற்கு என்று குறிப்பிட்டுச் சொல்லி, புரியும்படி சொல்லி, நிபந்தனை போடாமல், அவர் தானாக ஒரு செயல் செய்து தெரிவிக்கும்படி இருக்க வேண்டும். முன்கூட்டியே டிக் அடித்து வைத்த கட்டம் செல்லாது. இந்தச் சட்டம் ஒப்புதலை விளக்கக் கொடுத்திருக்கும் உதாரணமே ஒரு டெலிமெடிசின் ஆப்தான். ஒரு பெண் ஆப்பை இறக்குகிறார். மருத்துவ ஆலோசனைக்காக அவருடைய தகவலைப் பயன்படுத்தவும், போனில் உள்ள தொடர்பு எண்களைப் பார்க்கவும் ஆப் சேர்த்து ஒப்புதல் கேட்கிறது. அவர் இரண்டுக்கும் சரி என்கிறார். ஆனாலும் அவருடைய ஒப்புதல் மருத்துவ ஆலோசனைக்கு மட்டுமே செல்லும், ஆலோசனை தர அவருடைய போன்புக் தேவையில்லை என்கிறது சட்டம். அவரே சரி என்று சொன்னாலும் தேவைக்கு மேல் போனது செல்லாது! டிசைனர்கள் இந்த ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

இதை அந்த 14 கட்டத்தின்மேல் வைத்துப் பாருங்கள். அந்தப் படிவத்தின் நோக்கம் ஒரு நேரம் ஒதுக்குவது. அதற்குப் பெயர், மொபைல், தேதி, முதல் முறையா மறுமுறையா என்பது போதும். மற்ற பதினொன்றும் டாக்டர் அறைக்குள், கதவு சாத்தியபின் கேட்க வேண்டியவை. அந்த கிளினிக்கில் கடைசியில் நான்கு கட்டத்தோடு முடித்தோம். "என்ன விஷயமாக வருகிறீர்கள்" என்ற கட்டத்தையும் நான் வைக்கவில்லை. காலியான பெட்டி ஒன்று இருந்தால் மக்கள் மனதில் உள்ளதையெல்லாம் அதில் கொட்டுவார்கள். கொட்டியபின் அதைக் காப்பது நம் பொறுப்பாகிவிடும்.

ஒப்புதல் கேட்கும் வாசகத்தையும் பாருங்கள். டெம்ப்ளேட்டில் இருந்தது இது: "நான் விதிமுறைகளையும் தனியுரிமைக் கொள்கையையும் படித்து ஏற்றுக்கொள்கிறேன்." யாரும் படிப்பதில்லை என்பது எழுதியவருக்கும் தெரியும், டிக் அடிப்பவருக்கும் தெரியும். அதற்குப் பதில் நாங்கள் போட்டது: "அப்பாயின்ட்மென்ட் நேரம் ஒதுக்கவும், அதை உங்களுக்கு நினைவூட்டவும் உங்கள் பெயரையும் மொபைல் எண்ணையும் வைத்துக்கொள்கிறோம். வேறு எதற்கும் பயன்படுத்த மாட்டோம். நீங்கள் வந்து சென்ற 30 நாளில் தளத்திலிருந்து அழித்துவிடுவோம். முன்பே அழிக்க வேண்டுமானால் இங்கே தொடவும்." தகவலைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, எதற்கென்று சேர்த்துச் சொல்லி, மற்ற விதிமுறைகளோடு கலக்காமல் தனியாக, எளிய மொழியில் அறிவிப்பு இருக்க வேண்டும் என்றுதான் விதிகளும் கேட்கின்றன. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். ஒரு தட்டில் கொடுத்ததைத் திரும்பப் பெற மூன்று பக்கக் கடிதம் கேட்கக் கூடாது.

இந்த அறிவிப்பை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க மக்களுக்கு வாய்ப்பு தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. எனவே தமிழில் அறிவிப்பு வைப்பது மொழிப்பற்றில் செய்யும் உபகாரம் அல்ல. எந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டாதீர்கள். ரிசப்ஷனில் இருக்கும் அக்காவிடம் படித்துக் காட்டுங்கள். அவர் "என்ன சொல்றீங்க?" என்று கேட்டால் திரும்ப எழுத வேண்டும்.

ஒப்புதல் தேவைப்படாத சில இடங்களும் உண்டு. உயிருக்கு ஆபத்தான மருத்துவ அவசரம், தொற்றுநோய்க் காலச் சிகிச்சை போன்றவை. ஒருவர் தானாக முன்வந்து ஒரு காரியத்துக்காகத் தகவல் கொடுத்தால், அந்தக் காரியத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். இதற்குச் சட்டம் காட்டும் உதாரணம் ஒரு மருந்துக்கடை. பணம் கட்டிய ரசீதை மொபைலுக்கு அனுப்பச் சொல்லி ஒரு பெண் எண்ணைக் கொடுக்கிறார், கடை ரசீதை அனுப்பலாம். தீபாவளித் தள்ளுபடி மெசேஜ் அனுப்பலாமா? அதற்கு அவர் எண்ணைக் கொடுக்கவில்லையே.

மெசேஜ் என்றதும் ஒன்று. நம் வீடுகளில் ஒரு போன் ஒரு ஆளுக்குச் சொந்தம் என்று நினைத்து டிசைன் செய்யக் கூடாது. மனைவிக்கு அப்பாயின்ட்மென்ட் என்றாலும் கொடுக்கும் எண் கணவருடையதாக இருக்கும். பாட்டிக்கு என்றால் பேரனுடையது. போன் டீப்பாயில் கிடக்கும், லாக் ஸ்கிரீனில் மெசேஜின் முதல் இரண்டு வரி தெரியும். "உங்கள் ஐவிஎஃப் ஆலோசனை நாளை 10.30க்கு" என்று வந்தால், வீட்டுக்கு வந்திருக்கும் சித்தி வரை செய்தி போய்விடும். "நாளை காலை 10.30க்கு உங்கள் அப்பாயின்ட்மென்ட். மாற்ற வேண்டுமானால் இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்பது போதும். சிகிச்சையின் பெயர் வேண்டாம், டாக்டரின் பட்டமும் வேண்டாம். அனுப்புபவர் பெயரிலேயே கருத்தரிப்பு மையம் என்று இருந்தால், மெசேஜ் வேண்டுமா போன் அழைப்பு வேண்டுமா என்று முதல் நாளே கேட்டுவிடுவது நல்லது. எந்தச் சட்டத்திலும் இது இப்படியே எழுதியிருக்காது. ஆனால் பேப்பரில் சுற்றிக் கொடுப்பது என்றால் இதுதான்.

அடுத்தது கண்ணுக்குத் தெரியாத ஒன்று. பார்வையாளர் எந்தப் படிவத்தையும் நிரப்பவில்லை, ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தின் முகவரியில் "பால்வினை நோய்ச் சிகிச்சை" என்று இருக்கிறது. தளத்தில் ஃபேஸ்புக் விளம்பரத்துக்காக மெட்டா பிக்சல் என்ற சிறு நிரலை யாரோ ஒட்டி வைத்திருக்கிறார்கள். இன்ன பிரவுசரிலிருந்து இன்ன பக்கம் திறக்கப்பட்டது என்று அது விளம்பர நிறுவனத்துக்குச் சொல்லிவிடும். அந்த பிரவுசரில் அவர் ஃபேஸ்புக்கில் லாகின் ஆகியிருந்தால், அது யார் என்பதையும் அந்த நிறுவனம் சேர்த்துக்கொள்ளலாம். பெயர் கேட்கவில்லை, மொபைல் கேட்கவில்லை, ஆனாலும் இன்னார் இந்த நோயைப் பற்றிப் பார்த்தார் என்பது வெளியே போய்விட்டது.

இது கற்பனைப் பயம் இல்லை. 2022 ஜூனில் தி மார்க்கப் என்ற அமெரிக்க ஊடகம், அந்நாட்டின் முதல் 100 மருத்துவமனைகள் என்று நியூஸ்வீக் பட்டியலிட்டவற்றின் தளங்களைச் சோதித்தது. 33 தளங்களில், அப்பாயின்ட்மென்ட் பொத்தானை அழுத்தும்போது மெட்டாவுக்குத் தகவல் போனது. மருந்து விலைத் தள்ளுபடி தரும் குட்ஆர்எக்ஸ் நிறுவனம், பயனர்களின் உடல்நலத் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2023இல் நடவடிக்கை எடுத்தது. அபராதம் 15 லட்சம் டாலர். ஆன்லைன் மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் மீதும் அதே ஆண்டு இதே மாதிரிப் புகார். 78 லட்சம் டாலருக்கு முடித்துக்கொண்டார்கள். இவர்களெல்லாம் பெரிய பெரிய நிறுவனங்கள். சட்டப் பிரிவு, ஐடி பிரிவு எல்லாம் வைத்திருப்பார்கள். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் நம் தளத்தில் என்ன ஒட்டியிருக்கிறது என்று நமக்கே தெரியாமல் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

நான் வைத்திருக்கும் விதி எளிது. சிகிச்சைப் பெயர் உள்ள பக்கங்களிலும், படிவம் இருக்கும் பக்கங்களிலும் விளம்பர பிக்சல் கிடையாது. பார்வையாளர் மவுஸை எங்கே நகர்த்தினார் என்று வீடியோ மாதிரிப் பதிவு செய்யும் கருவிகள் மருத்துவத் தளத்தில் எங்கேயும் கிடையாது. எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்ணிக்கை வேண்டுமானால், நம் சர்வரிலேயே ஓடும் கருவியைப் போட்டுக்கொள்ளலாம். மார்க்கெட்டிங் பார்க்கும் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டார். அவரிடம், கூட்டுக் குடும்பத்தில் ஒரே லேப்டாப்பை நாலு பேர் பார்க்கிற வீட்டில், மூலநோய் விளம்பரம் துரத்திக்கொண்டே வந்தால் எப்படி இருக்கும் என்று கேளுங்கள்.

இனி லேப் ரிப்போர்ட். ஒரு லேபில் ரத்தம் கொடுத்திருந்தேன். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தது. தொட்டேன், ரிப்போர்ட் திறந்தது. லாகின் இல்லை, ஓடிபி இல்லை. லிங்கின் கடைசியில் ஐந்து இலக்க எண் ஒன்று. தொழில் புத்தி சும்மா இருக்குமா? கடைசி இலக்கத்தில் ஒன்றைக் கூட்டினேன். ஊர் பேர் தெரியாத ஒரு பெண்மணியின் தைராய்டு ரிப்போர்ட், வயதோடும் மொபைல் எண்ணோடும் திறந்தது. உடனே மூடிவிட்டு லேபுக்குப் போன் செய்தேன். "யாரு சார் நம்பரை மாத்திப் பாக்கப் போறா?" என்றார்கள். "நான் பாத்தேனே" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

இதைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. லிங்கில் வரிசை எண்ணுக்குப் பதில், ஊகிக்கவே முடியாத நீளமான எழுத்துக் கோவை வேண்டும். சில நாளில் அந்த லிங்க் செத்துவிட வேண்டும். திறப்பதற்குமுன் பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி போக வேண்டும். முக்கியமாக, இந்த ரிப்போர்ட்டைக் கேட்பவருக்கு அதைப் பார்க்க உரிமை இருக்கிறதா என்று சர்வர் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். பொத்தானை மறைத்து வைப்பது பூட்டு ஆகாது. பிடிஎஃப் பாஸ்வேர்டாகப் பிறந்த ஆண்டை வைப்பதும் பாதுகாப்பில் சேர்த்தி இல்லை, நூறு முறை முயன்றால் திறந்துவிடும். ரிப்போர்ட் கிடக்கும் பக்கங்களை கூகுள் அள்ளிக்கொண்டு போகாமல் இருக்கவும் ஏற்பாடு வேண்டும். தளம் முழுவதும் எச்டிடிபிஎஸ் (தகவலைப் போகும் வழியில் யாரும் படிக்க முடியாதபடி அனுப்பும் முறை, பிரவுசரில் பூட்டுப் படம் காட்டும்) இருக்க வேண்டும் என்பதை இந்தக் காலத்தில் தனியாகச் சொல்லத் தேவையில்லை. அதோடு, பூட்டுப் படம் தெரிகிறது என்பதால் எல்லாம் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். அந்த லேப் லிங்கிலும் பூட்டுப் படம் இருந்தது.

இவ்வளவு செய்தும் கசிந்துவிட்டால்? 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவலைத் தாக்குதல்காரர்கள் பூட்டிவிட்டார்கள். பதிவு, பில், ரிப்போர்ட் எல்லாம் பல நாள் கையால் எழுதித்தான் நடந்தன. எய்ம்ஸுக்கே அந்த நிலைமை என்றால், நாமும் ஒரு நாள் மாட்டலாம் என்று வைத்துக்கொண்டுதான் திட்டமிட வேண்டும். இணையத் தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும், கணினிப் பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. புதிய சட்டத்தின் விதிகளோ, தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவர்களுக்கும் தாமதமில்லாமல் சொல்ல வேண்டும் என்கின்றன. வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விரிவான விவரமும் போக வேண்டும். ஆறு மணி நேரம் என்பது ஞாயிற்றுக்கிழமை ராத்திரியும் ஓடும். யார் யாரை எந்த எண்ணில் கூப்பிடுவது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள்.

"என் தகவலை அழித்துவிடுங்கள்" என்று நோயாளி கேட்டால் என்ன செய்வது என்பதிலும் குழப்பம் வரும். தளத்தில் வந்த விசாரணை, அப்பாயின்ட்மென்ட் விவரம் எல்லாவற்றையும், ஏதாவது சட்டமோ விதியோ வைத்திருக்கச் சொல்லாதவரை, அழிக்க வேண்டும். சிகிச்சைப் பதிவு வேறு. 2002ஆம் ஆண்டு மருத்துவர் நன்னடத்தை விதிகளின்படி உள்நோயாளிப் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருந்தாக வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்கவும் வேண்டும். அதனால்தான் இரண்டையும் ஒரே எக்செல் ஷீட்டில் போட்டுக் குழப்பக் கூடாது என்கிறேன்.

இதுவரை சொன்னது உள்ளே வரும் தகவல். வெளியே நாம் எழுதிப் போடுவதிலும் சட்டம் குறுக்கே வரும். டாக்டர்கள் நோயாளிகளை வலைவீசிப் பிடிக்கும் விதமாக விளம்பரம் செய்வது அந்த 2002 விதிகளின்படி ஒழுங்கீனம். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளைக் கொண்டுவந்து அதே மாதமே நிறுத்திவைத்துவிட்டது. எனவே பழையதுதான் செல்லும். "மாவட்டத்தின் நம்பர் ஒன் டாக்டர்", "100 சதவீதம் குணம்" என்று பேனர் கேட்டால் நான் போட மாட்டேன். படிப்பு, பதிவு எண், நேரம், கட்டணம் என்று உள்ளதைச் சொன்னால் போதும். நீரிழிவு, புற்றுநோய், உடல்பருமன் எல்லாம் இந்த மருந்தில் குணமாகும் என்று எழுதினால் 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரச் சட்டம் வந்து நிற்கும். சித்த, ஆயுர்வேதத் தளங்கள் செய்பவர்கள் இதைக் கட்டாயம் படித்துவிட வேண்டும்.

ஸ்கேன் சென்டர் என்றால் இன்னும் கவனம். கருவின் பாலினம் தெரிந்துகொள்ளலாம் என்று மறைமுகமாகத் தொனிக்கும் ஒரு வரி, ஒரு படம்கூட, கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இணைய விளம்பரமும் அதில் அடக்கம். மூன்று ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். கர்ப்பிணிப் பக்கத்துக்கு இலவசப் படம் தேடும்போது ஆண் என்றால் நீலம், பெண் என்றால் ரோஸ் என்று பலூன்களோடு வரும் வெளிநாட்டுப் படங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

டெலிமெடிசின் வைக்கிறீர்களா? 2020 மார்ச் 25 அன்று வந்த வழிகாட்டுதல்களின்படி டாக்டரின் பதிவு எண் மருந்துச் சீட்டிலும், தளத்திலும், வாட்ஸ்அப், இமெயில் தகவல்களிலும், ரசீதிலும் இருக்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு டாக்டருக்கு உதவலாம், தானாக நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்றும் அதில் இருக்கிறது. "வயிறு வலிக்குதா? எங்கள் சாட்பாட்டிடம் கேளுங்கள்" என்று ஒரு மூலையில் வைக்க ஆசைப்படும் நிர்வாகிகளுக்கு இதைக் காட்டுங்கள்.

சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று நோயாளிகளின் படம் போடச் சொல்வார்கள். கண்ணில் கறுப்புப் பட்டை போட்டால் அடையாளம் தெரியாது என்பது ஒரு மூடநம்பிக்கை. மச்சத்தைப் பார்த்தே சொந்தக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் படத்துக்கு, இணையதளத்துக்கு என்று குறிப்பிட்டு ஒப்புதல் வேண்டும். அறுவைசிகிச்சைக்கு வாங்கிய கையெழுத்து அதற்கு ஆகாது. மனநலச் சிகிச்சை, எச்ஐவி இரண்டுக்கும் 2017இல் வந்த தனித்தனிச் சட்டங்கள் இன்னும் கண்டிப்பானவை. அந்தப் பக்கங்களில் நோயாளி படமோ கதையோ வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

ரிவ்யூவுக்குப் பதில் எழுதுவது தனி வம்பு. ஒருவர் "இங்கே சரியாகப் பார்ப்பதில்லை" என்று கூகுளில் எழுதினார். டாக்டருக்குக் கோபம். "நீங்கள் 12ஆம் தேதி வந்தபோது சர்க்கரை 320 இருந்தது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று நீங்களே சொன்னீர்கள்" என்று பதில் டைப் செய்து எனக்கு அனுப்பினார், எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லி. எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தொழிலில் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்ற நன்னடத்தை விதி அந்த ஒரே வாக்கியத்தில் உடைந்திருக்கும். நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ பெரிய ஆபத்து, அறிவிக்க வேண்டிய நோய் ஆகியவைதான் விலக்கு. கோபம் அந்தப் பட்டியலில் இல்லை. "உங்கள் கருத்துக்கு நன்றி, நேரில் பேச இந்த எண்ணுக்கு அழைக்கவும்" என்று மாற்றிக் கொடுத்தேன். அரை மனதோடு போட்டார்.

டெம்ப்ளேட் வாங்கிச் செய்பவர்கள் அடிக்குறிப்பைப் பாருங்கள். "ஹிப்பா விதிகளுக்கு உட்பட்டது" என்று ஒரு பேட்ஜ் இருக்கும். ஹிப்பா, நோயாளித் தகவலைக் காக்க வந்த 1996ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம். அமெரிக்க நோயாளித் தகவலைக் கையாளும் நிறுவனங்களுக்கு வேலை செய்தால் அது வரும், ஈரோட்டு பல் மருத்துவருக்கு வராது. ஒருமுறை தனியுரிமைக் கொள்கைப் பக்கம் ஒன்றைப் படித்துக்கொண்டே வந்தேன். தகராறு என்றால் கலிஃபோர்னியா நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று இருந்தது. பேஸ்ட் செய்தவர் கடைசி வரை படிக்கவில்லை. தளம் உண்மையில் என்ன செய்கிறதோ அதைத்தான் கொள்கை சொல்ல வேண்டும். செய்யாததைச் செய்வதாக எழுதுவது, எழுதாமல் விடுவதைவிட மோசம்.

குழந்தைகள் மருத்துவமனை என்றால் 18 வயதுக்குக் கீழே எல்லோருமே சட்டத்தின் கண்ணில் குழந்தைகள். பெற்றோரின் ஒப்புதலைச் சரிபார்த்துப் பெற வேண்டும். குழந்தைகளைப் பின்தொடர்வதும், குறிவைத்து விளம்பரம் செய்வதும் தடை. மருத்துவமனைகளுக்கு விதிகளில் ஒரு விலக்கு உண்டு, குழந்தையின் உடல்நலத்தைக் காக்கத் தேவையான அளவுக்கு மட்டும். பிறந்தநாள் வாழ்த்து அனுப்பித் தடுப்பூசி பேக்கேஜ் விற்பது அந்த அளவுக்குள் வருமா என்று நீங்களே யோசியுங்கள்.

கடைசியாக, நமக்குள் பேசிக்கொள்ள வேண்டிய ஒன்று. டிசைனர், ஹோஸ்டிங் நிறுவனம், எஸ்எம்எஸ் அனுப்பும் நிறுவனம் என்று எத்தனை பேர் நடுவில் இருந்தாலும், சட்டத்தின் முன் பதில் சொல்ல வேண்டியது கிளினிக்தான். எங்களோடு ஒப்பந்தம் போட்டுத்தான் வேலையைக் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. பெரும்பாலும் ஒப்பந்தம் என்பது ஒரு வாட்ஸ்அப் மெசேஜும் ஜிபே அட்வான்ஸும்தான். யாரிடம் எந்தப் பாஸ்வேர்டு இருக்கிறது, வேலை முடிந்தபின் டிசைனரின் லேப்டாப்பில் இருக்கும் பேக்கப் என்ன ஆகும் என்று ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டொமைனை டாக்டர் பெயரிலேயே பதிவு செய்யுங்கள். டிசைனர் பெயரில் இருந்த ஒரு டொமைன், அவர் வேலையை விட்டுவிட்டுத் துபாய் போனதும் புதுப்பிக்கப்படாமல் காலாவதியாகி, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். தளம் போனதுகூடப் பரவாயில்லை, புதிதாகக் கட்டிக்கொள்ளலாம். கிளினிக்கின் பழைய இமெயில் முகவரியும் அந்த டொமைனில்தான் இருந்தது. பழைய நோயாளிகள் தங்கள் ரிப்போர்ட்டுகளை இன்னும் அந்த முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.